ஏசி கேஸ், ஓசோன், சேலத்து வெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் புதிதாக ஏசி வாங்குகிறவர்கள், பழைய ஃபிரிட்ஜைக் கழித்துக்கட்டுகிறவர்கள், சர்வீஸ் வேலை பழகும் இளைஞர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வீட்டுக்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறது.

ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தான் சேலத்தில் இப்படி வெயில் கொளுத்துகிறதா?

இல்லை. ஓசோன் படலம் மெலிந்தால் கூடுதலாக வருவது புற ஊதாக் கதிர். அது தோலையும் கண்ணையும் பயிரையும் கெடுக்கும்; கத்திரி வெயிலின் சூட்டை ஏற்றாது. தவிர, அந்த ‘ஓட்டை’ இருப்பது அண்டார்டிகாவுக்கு மேலே. அங்கே ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் ஓசோன் வெகுவாகக் குறைந்துபோகிறது என்பதை 1985இல் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவர் வெளியிட்டார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் தலைக்கு மேல் இழப்பு மிகச் சொற்பம்.

சேலம் வேகுவதற்கு ஊரின் அமைப்பே பாதிக் காரணம். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே சேர்வராயன். கடல் காற்று இங்கே வந்து சேராது. கான்கிரீட்டும் தாரும் பகல் சூட்டை ராத்திரி வரை பிடித்துவைக்கும். இதற்கெல்லாம் மேலே உலகம் முழுவதும் ஏறிக்கொண்டிருக்கும் வெப்பம். ஏசி கேஸுக்குத் தொடர்பு இந்தக் கடைசிக் காரணத்தோடுதான். ஓசோனை அரித்த அதே வாயுக்கள் பூமியின் வெப்பத்தையும் வெளியே விடாமல் தடுக்கின்றன. ஆள் ஒருவர், வழக்கு இரண்டு. இரண்டு வழக்கையும் ஒன்றாக்கிவிட்டால் எந்தக் கேள்விக்கும் சரியான பதில் கிடைக்காது.

முதல் வழக்கு என்ன?

சி.எஃப்.சி. எனும் குளோரோஃபுளோரோகார்பன்கள் 1930 வாக்கில் வந்தவை. அதற்கு முன் ஃபிரிட்ஜில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு என்று மூச்சுமுட்ட வைப்பதும் நஞ்சும்தான் ஓடின. தீப்பிடிக்காத, நஞ்சில்லாத, எதோடும் சேராத ஒரு வாயுவைத் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கரின் குழு கொண்டுவந்தபோது எல்லோரும் கொண்டாடியதில் வியப்பில்லை. எதோடும் சேராத குணமே பின்னால் வம்பாயிற்று. கீழே எதுவும் அதைச் சிதைக்காததால் அது மெல்ல மெல்ல மேலே போய்ச் சேருகிறது. அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைக்க, குளோரின் அணு விடுபடுகிறது. ஒரு குளோரின் அணு தான் தீராமல் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் இதைச் சொன்னார்கள். 1995இல் பால் குருட்சனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது வழக்கு? கரியமில வாயு இருக்கும் அளவுக்கு இந்த கேஸ் காற்றில் இல்லையே?

இல்லைதான். ஆனால் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களில் ஒரு பகுதியை நீராவியும் பிடிப்பதில்லை, கரியமில வாயுவும் பிடிப்பதில்லை. அலைநீளம் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான அந்த இடைவெளி வழியாகத்தான் நிறைய வெப்பம் விண்வெளிக்குத் தப்புகிறது. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு சரியாக அந்த இடைவெளியில் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆகவே கொஞ்சம் இருந்தாலே போதும்.

இதை 1975இல் சயின்ஸ் இதழில் முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் தமிழ்நாட்டுக்காரர், வீரபத்ரன் ராமநாதன். ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு சுமார் 10,000 கரியமில வாயு மூலக்கூறுகளுக்குச் சமம் என்று வந்தது கணக்கு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் ஃபிரிட்ஜ் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பெட்டியிலிருந்து கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் லீக் ஆகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. சர்வீஸ் லைனில் இருக்கும் தம்பிகளுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எங்கள் வீட்டு ஏசியில் இருப்பது ஒரு கிலோ கேஸ். அதனால் என்ன பெரிய கேடு?

நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ கேஸ் எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் நான்காம் அறிக்கை தந்த எண்களைத்தான் ஒப்பந்தங்களில் பயன்படுத்துகிறார்கள். பழைய ஃபிரிட்ஜின் ஆர்-12க்கு 10,900. ஆர்-22க்கு 1,810. இன்வெர்ட்டர் ஏசிகளில் வந்த ஆர்-410ஏக்கு 2,088. கார் ஏசியின் ஆர்-134ஏக்கு 1,430. கடை ஃபிரீசர்களில் ஓடும் ஆர்-404ஏக்கு 3,922. இப்போதைய ஸ்பிளிட் ஏசிகளின் ஆர்-32க்கு 675. புதிய ஃபிரிட்ஜின் ஆர்-600ஏ, புரொப்பேனான ஆர்-290 இரண்டுக்கும் ஏறக்குறைய 3 தான்.

ஒன்றரை டன் ஆர்-22 ஏசியில் ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் இருக்கிறது என்று வையுங்கள். அது மொத்தமும் லீக் ஆனால் 1,810 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. அப்படியானால் சுமார் 790 லிட்டர் பெட்ரோல். மலையேற்றத்தில் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர்தான் என்று குறைத்துப் போட்டாலும், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பைக்கில் ஐந்நூறு தடவைக்கு மேல் போய்த் திரும்பலாம். கேஸ் குழாயை இணைக்கும் ஒரு ஃபிளேர் நட் சரியாக இறுகாததால் இவ்வளவும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூறு ஆண்டுக்குப் பதிலாக இருபது ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஆர்-22இன் எண் 5,160. ஆர்-32இன் எண் 2,330. இவை காற்றில் இருக்கும் காலம் குறைவு. இருக்கிறவரை செய்யும் வேலை அதிகம். விளம்பரத்தில் 675 மட்டும்தான் வரும்.

ஆர்-22 ஏசி வைத்திருக்கிறேன். தடை செய்துவிட்டார்களாமே, தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். ஆர்-22 சேர்ந்த கேஸ் வகைக்கு எச்.சி.எஃப்.சி. என்று பெயர். இந்தியாவில் அதை ஊற்றிப் புது ஏசி தயாரிப்பதுதான் 2024 இறுதியோடு முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். வளரும் நாடுகள் 2030க்குள் இந்தக் கேஸை விட்டுவிட வேண்டும். சர்வீஸுக்கு மட்டும் சிறு அளவு 2040 வரை அனுமதி உண்டு. லீக் இல்லாத பழைய ஆர்-22 பெட்டியால் ஓசோனுக்குக் கேடு இல்லை. குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும் கேஸ் யாரையும் ஒன்றும் செய்வதில்லை, வெளியே வந்தால்தான் வம்பு.

பழைய ஆர்-22 பெட்டியில் ஆர்-410ஏவோ ஆர்-32ஓ போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டுக்கும் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல். அந்த கம்ப்ரஸரும் குழாயும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

இந்த கேஸெல்லாம் வெளிநாட்டில்தானே தயாரானது? நமக்கு இதில் என்ன பங்கு?

மேட்டூரிலேயே தயாரானது. சி.எஃப்.சி. தயாரித்த இந்திய நிறுவனங்கள் நான்கில் ஒன்று மேட்டூர் அணையில் ஆலை வைத்திருக்கும் கெம்ப்ளாஸ்ட் சன்மார். ஓசோனைக் காக்க 1987 செப்டம்பர் 16இல் கையெழுத்தான மான்ட்ரியல் நெறிமுறையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. அந்த நெறிமுறையின் கீழ் பணக்கார நாடுகள் பணம் போட்ட பொது நிதி ஒன்று உண்டு. நான்கு நிறுவனங்களும் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதற்கு அந்த நிதியிலிருந்து 8.2 கோடி டாலர் தருவதென்று 1999இல் முடிவாயிற்று. 2010 வரை கெடு இருந்தும், 2008 ஆகஸ்டிலேயே, இன்ஹேலர் தேவை நீங்கலாக, இந்தியா சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்தியது.

ஏழை நாட்டைப் பார்த்து ‘நிறுத்து’ என்று மட்டும் சொல்லாமல் ஈட்டுத்தொகையும் காலமும் கொடுத்ததால்தான் இந்த ஒப்பந்தம் நடந்தது என்பது என் எண்ணம். கரியமில வாயுப் பேச்சுவார்த்தைகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்குக் காரணம் தேடுகிறவர்கள் இங்கே பார்க்கலாம்.

புது ஏசியில் ‘ஓசோனுக்குப் பாதுகாப்பானது’ என்று ஒட்டியிருக்கிறதே. அப்படியானால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

ஓசோனுக்கு மட்டும் நல்லது. அந்த ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை. பாதியை மட்டும் சொல்கிறது. சி.எஃப்.சி.யை விட்டு எச்.சி.எஃப்.சி.க்கும், அதையும் விட்டுக் குளோரின் இல்லாத எச்.எஃப்.சி.க்கும் உலகம் மாறியது. குளோரின் போனதால் ஓசோன் தப்பியது. கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு அப்படியே இருந்ததால் இரண்டாவது வழக்கு தொடர்ந்தது. ஆர்-22ஐ விட்டு ஆர்-410ஏவுக்கு வந்தபோது எண் 1,810இலிருந்து 2,088க்கு ஏறவே செய்தது.

இதைச் சரிசெய்யத்தான் 2016 அக்டோபரில் ருவாண்டா நாட்டின் கிகாலியில் கூடி எச்.எஃப்.சி.யையும் மான்ட்ரியல் பட்டியலில் சேர்த்தார்கள். இந்தியா 2021இல் ஒப்புதல் அளித்தது. நமக்கான அட்டவணை: 2028இல் அளவு உறைய வேண்டும், 2032இல் 10 சதவீதம், 2037இல் 20, 2042இல் 30, 2047இல் 85 சதவீதம் குறைய வேண்டும். எல்லா நாடுகளும் ஒழுங்காகச் செய்தால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 0.5 டிகிரி வரை வெப்பம் தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு. ஒரே வகை வாயுவுக்கு அது பெரிய எண்.

ஆர்-22 தயாரிக்கும்போது எச்.எஃப்.சி.-23 என்று ஒரு கழிவு வாயு கூடவே பிறக்கும். அதன் எண் 14,800. 2016இல்தான் அதை எரித்து அழித்தே ஆக வேண்டும் என்று இந்திய அரசு தன் ஆலைகளுக்கு உத்தரவிட்டது.

அப்படியானால் எந்த கேஸ் உள்ள ஏசி வாங்குவது?

கேஸை மட்டும் பார்த்தால் ஆர்-290. கோத்ரெஜ் 2012 முதல் இந்தியாவில் விற்கிறது. ஆனால் அது தீப்பிடிக்கும் கேஸ். அளவு குறைவாகத்தான் போடுவார்கள், மாட்டுவதற்கும் சர்வீஸுக்கும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் ஆர்-32 போதும். அதுவும் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பதை மாட்டுகிற ஆள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கேஸைவிட மின்சாரம் பெரிய கணக்கு. ஒன்றரை டன் மூன்று ஸ்டார் ஏசி ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் சுமார் 1,000 யூனிட் ஆகும். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. மேட்டூர் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பத்து ஆண்டில் 7 டன். ஐந்து ஸ்டார் என்றால் இதில் கால் பங்கு அளவுக்குக் குறையும். 2020 முதல் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி செய்திருக்கிறார்கள். அதை 18க்கு இறக்காமல் விட்டாலே நிறைய மிச்சம்.

வருஷா வருஷம் கேஸ் ஃபில்லிங் செய்வது வழக்கம்தானே?

இந்தக் கேள்வி வராத கோடை இல்லை. வழக்கம்தான், ஆனால் தவறு. ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் ‘டாப்-அப்’ செய்வது, போன வருஷம் போட்டது காற்றில் போய்விட்டது, இந்த வருஷம் போடுவதும் போகும் என்று காசு கொடுத்து ஒப்புக்கொள்வது.

சரியான முறை இது: மீதி கேஸை ரெக்கவரி மெஷின் வைத்து சிலிண்டருக்கு இழுக்க வேண்டும். உலர்ந்த நைட்ரஜன் விட்டு அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டின் ஃபிளேர் நட்டிலோ, இன்டோர் காயிலில் அரித்த இடத்திலோ இருக்கும். அடைத்தபின் வேக்கம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, தராசில் எடை பார்த்து கேஸ் விட வேண்டும்.

நடப்பது என்ன? வால்வைத் திறந்து புஸ்ஸென்று விட்டுவிடுகிறார்கள். வேக்கம் பம்பை மூன்றாம் மாடிக்குத் தூக்கச் சோம்பி, கொஞ்சம் கேஸை ஓட்டியே குழாயிலிருக்கும் காற்றைத் தள்ளுகிறார்கள். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. கத்திரியில் ஒரு நாளைக்கு எட்டு வீடு ஓடுகிறவரிடம் ‘ஐந்நூறுக்குள் முடித்துக் கொடுப்பா’ என்றால் அவர் நைட்ரஜன் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வரமாட்டார்.

மான்ட்ரியல், கிகாலி இரண்டுமே கட்டுப்படுத்துவது புதிதாகத் தயாரித்து விற்பதை. ஏற்கெனவே சுவரில் தொங்கும் பெட்டிகளுக்குள் இருக்கும் கேஸுக்கு அவை நேரடியாகக் கடிவாளம் போடவில்லை. அது காற்றுக்குப் போகிறதா, சிலிண்டருக்குத் திரும்புகிறதா என்பது அஸ்தம்பட்டியிலும் அம்மாப்பேட்டையிலும் ஸ்பேனர் பிடிக்கிற கையில் இருக்கிறது. 2019இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதை இலக்காக வைத்தது. திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

சமையல் கேஸ் சிலிண்டரிலிருந்து ஏசிக்கு ஏற்றலாம், புரொப்பேனும் அதுவும் ஒன்றுதான் என்கிறார்களே?

கூடவே கூடாது. சமையல் கேஸ் புரொப்பேன், பியூட்டேன் கலவை. ஈரமும் வாசனை மருந்தும் சேர்ந்திருக்கும். ஆர்-22 பெட்டியின் மின் இணைப்புகள் தீப்பிடிக்கும் கேஸை மனதில் வைத்துச் செய்யப்படவில்லை.

மலிவான, பெயர் தெரியாத சிலிண்டரும் ஆபத்து. 2011இல் வியட்நாமில் சர்வீஸ் செய்த கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று சொல்லி மீத்தைல் குளோரைடு கலந்த கேஸைப் போட்டதும், அது அலுமினியத்தோடு வினைபுரிந்ததும்தான் காரணம்.

பழைய ஃபிரிட்ஜை இரும்புக் கடைக்குப் போடலாமா?

எடைக்குப் போட்டால் கம்ப்ரஸரை எடுக்க முதலில் குழாயைத்தான் வெட்டுவார்கள். தொண்ணூறுகளின் பெட்டி என்றால் உள்ளே ஆர்-12 இருக்கலாம். 150 கிராமே 1.6 டன் கரியமில வாயுவுக்குச் சமம். புதிய ஃபிரிட்ஜில் இருக்கும் 50 கிராம் ஆர்-600ஏ மொத்தமும் போனால்கூட 150 கிராம்தான். சுவருக்குள் இருக்கும் ஃபோமையும் மறக்கக் கூடாது. பழைய ஃபோமை ஊதியதே சி.எஃப்.சி.-11 வைத்துத்தான். உடைக்க உடைக்க அது வெளியேறும். 2022 மின்கழிவு விதிகளில் ஃபிரிட்ஜும் ஏசியும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகிறதா என்று கேளுங்கள்.

லாரி கேபினுக்கும் ஏசி கட்டாயமாகிவிட்டதே?

2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு. சங்ககிரி டிரைவர்கள் நாற்பது டிகிரியில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்து நாக்பூர் வரை போவதை நினைத்தால் இதை எதிர்க்க மனசாட்சி இடம் தராது. ஆனால் வண்டி ஏசியில் அதிர்வால் ஹோஸும் ஓரிங்கும் சீக்கிரம் தளரும். ரோட்டோர ஷெட்களிலும் ரெக்கவரி மெஷின் தேவைப்படும் காலம் வந்துவிட்டது.

நாங்கள் ஏற்காட்டுக்காரர்கள். ஏசியே கிடையாது. எங்களுக்கு என்ன?

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏசி தேவைப்படாதது கொடுத்துவைத்த விஷயம். ஆனால் காப்பித் தோட்டத்துக்கு யூரியா போடுகிறீர்களா? தழைச்சத்து உரத்தில் பயிர் எடுத்துக்கொண்டதுபோக மீதியை மண் கிருமிகள் மாற்றும்போது நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுகிறது. சி.எஃப்.சி. அடங்கிவிட்ட இன்று, மனிதர் வெளிவிடுவதில் ஓசோனை அதிகம் கெடுப்பது அதுதான் என்று வளிமண்டல விஞ்ஞானி ஏ.ஆர். ரவிசங்கராவின் குழு 2009இல் காட்டியது. வெப்பம் பிடிப்பதிலும் கரியமில வாயுவைப்போல 270 மடங்குக்கு மேல். மான்ட்ரியல் நெறிமுறையில் அது இல்லை. மலை மேலும் சரி, ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காட்டிலும் சரி, உரத்தைப் பிரித்து, தேவைக்கு மட்டும் போடுவது காசுக்கும் நல்லது.

மார்கழி அதிகாலையில் ஓசோன் கீழே இறங்கி வருமாம், கோலம் போடும்போது சுவாசித்தால் நல்லதாமே?

வாட்ஸ்அப் விஞ்ஞானம். ஓசோன் படலம் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, எந்த மாதத்திலும் வாசலுக்கு வராது. தரையருகே உண்டாகும் ஓசோன் வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து பிறப்பது. மத்தியானத்துக்குமேல் கூடும், விடியலில் குறையும். நுரையீரலுக்கு அது ஆகாது. மார்கழிக் கோலத்துக்கு அழகே போதுமான காரணம்.

ஆஸ்துமா இன்ஹேலரிலும் இந்த கேஸ்தானாமே?

முன்பு சி.எஃப்.சி., இப்போது ஆர்-134ஏ. மருந்தை நிறுத்த வேண்டாம். பொடியாக உறிஞ்சும் ரோட்டாகேப் வகையில் கேஸ் கிடையாது. அது பொருந்துமா என்று டாக்டரைக் கேட்கலாம்.

இவ்வளவு செய்து ஓசோன் தேறியதா?

தேறுகிறது. 2022இல் வந்த ஐ.நா. மதிப்பீட்டின்படி 1980இன் நிலைக்கு உலகின் பெரும்பகுதி 2040 வாக்கிலும், ஆர்க்டிக் 2045 வாக்கிலும், அண்டார்டிகா 2066 வாக்கிலும் திரும்பும். நடுவில் ஒரு திருட்டும் நடந்தது. 2012க்குப் பின் சி.எஃப்.சி.-11 குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று 2018இல் தெரிந்தது. காற்றின் வழியைத் தொடர்ந்தால் கிழக்குச் சீனத்தில் போய் நின்றது. அம்பலமானபின் வெளியேற்றம் சரிந்தது.

காலநிலைக்கும் ஆதாயம் பெரிது. சி.எஃப்.சி.யைக் கட்டுப்படுத்தாமல் விட்டிருந்தால், அதன் வெப்பமும், புற ஊதாக் கதிரால் செடிகொடிகள் வாடி உறிஞ்சாமல் விடும் கரியமில வாயுவும் சேர்ந்து 2100இல் இன்னும் 2.5 டிகிரி ஏறியிருக்கும் என்று 2021இல் நேச்சர் இதழில் ஒரு கணக்கு வந்தது.

சர்வீஸுக்கு வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். வேக்கம் பம்பும் தராசும் கொண்டுவந்திருக்கிறாரா என்று வேலை தொடங்குமுன் பாருங்கள். பில்லில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் இருக்கட்டும். அடுத்த வருஷம் மறுபடி குறைந்தால் அந்த பில்லை எடுத்துக் காட்டி, அடைத்த இடத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள்.